ஜன்னல் எண் ஒன்று

மில்வாக்கியில், மேம்பாலத்துக்குக் கீழே,
இழுத்துவந்த கார்களை அடைத்துவைக்கும் களம்.
அதன் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் நான்.
ஒரே ஜன்னலுக்கும் எண் போட்டிருக்கிறார்கள்.
கண்ணாடி இரண்டங்குலம்,
பணம் தள்ள ஒரு தகரப் பள்ளம்.
பல்லுக்கான காப்பீடு ஆறு மாதம் கழித்து.

பட்டம் வாங்கிய மே மாதத்திலிருந்து
நூற்றுப் பதினேழு விண்ணப்பங்கள்.
எண்ணினேன். எண்ணுவதைத்தான் உளவியல் துறையில்
நாலு வருஷம் ஒழுங்காகச் சொல்லித்தந்தார்கள்.
பதில் வந்தவை ஒன்பது.
ஒன்பதிலும் ஒரே வரி:
முதுகலை இருந்தால் நல்லது.

ஏரி வற்றட்டும், கருவாடு தின்னலாம் என்று
மிச்சிகன் கரையில் நின்ற கொக்கு நான்.
ஏரி வற்றவில்லை.
உறைந்தது.

நவம்பர் விருந்தில் ஸ்டாஷ் மாமா
வான்கோழிக் காலை நீட்டிக் கேட்டார்:
"மனசைப் படிக்கிறவளே,
நான் என்ன நினைக்கிறேன் சொல்லு?"
"படிப்புக் கடனை எப்போ அடைப்பாள்னு."
மேஜையே சிரித்தது.
மாமா சிரிக்கவில்லை.
ஜாமீன் கையெழுத்து அவருடையது.

மூன்றாம் செமஸ்டரில் ஓர் எலிக்கு
நெம்புகோல் அழுத்தப் பழக்கினேன்.
பெயர் கிடையாது, பதினாலாம் எண் எலி.
ஒவ்வொரு முறையும் தீனி விழுந்தால்
சலித்துப்போய்ப் படுத்துவிடும்.
எப்போதாவது விழுந்தால்தான்
விடிய விடிய அழுத்தும்.
மின்னஞ்சலைத் திறக்கிறேன்.
மூடுகிறேன்.
திறக்கிறேன்.

இந்த வேலைக்கு லெராய் ஸ்டுப்கா
ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:
"யாராவது கத்தினா அழுவியா?"
"வீட்டுக்குப் போய்."
"திங்கட்கிழமை வா."

கத்துகிறார்கள்.
பாடப்புத்தகத்தில் கோபத்துக்கு ஒரு முழு அத்தியாயம்,
எச்சில் கண்ணாடியில் வழிந்து இறங்குவதற்கு
ஓர் அடிக்குறிப்புகூட இல்லை.
மாலை ஷிப்டின் டெஸ்மா
வட்டிக் கணக்குப்போல முகம் வைத்துக்கொள்வாள்.
அவள் படித்தது தையல்.
என்னைவிட மணிக்கு ஒரு டாலர் கூட.

பிப்ரவரியில், பனி அவசரநிலை அறிவித்த ராத்திரி
தெருவில் நின்ற எல்லாவற்றையும் அள்ளி வந்தார்கள்.
மூன்று மணிக்கு ஒருவர்.
கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
பெயர் டூ லோர். சாம்பல் நிற வேன்.
கட்டணத்தைச் சொன்னேன்.
தலையாட்டினார், வேறு யாரோ கட்டப்போவதுபோல.

ஆலோசனைத் திறன் வகுப்பில் சொல்வார்கள்:
கேள்வி போடாதே, ஏழு நொடி பொறு.
பொறுத்தேன்.
ஐந்தாவது நொடியில் ஹீட்டர் நின்றது.
ஏழாவதில் அவர் சொன்னார்:
"வண்டி வேண்டாம்.
உள்ளே படுத்துக்க விடுவீங்களா?"

விடக்கூடாது. சுவரில் ஒட்டியிருக்கிறது.
எதிரில் நிற்கிற மனிதர்
வீட்டையே திருப்பிக் கேட்கிறார்,
நான் அதற்கு நாள் வாடகை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நீங்க ஆலோசகரா?" என்று கேட்டார்.
சட்டப்படி அந்தச் சொல்லை
நான் சூடிக்கொள்ள முடியாது.
"இல்லை. ஜன்னல்," என்றேன்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
தவறாக இழுக்கப்பட்டது, கட்டணம் இல்லை.
மேலாளரின் சுருக்கொப்பம் வேண்டும்.
எல், எஸ். இரண்டு எழுத்து.
சாவியைத் தகரப் பள்ளத்தில் வைத்தேன்.
அவர் நன்றி சொல்லவில்லை, ஓடினார்,
பனியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு.

காலையில் லெராய் படிவத்தைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
நான் நொடிகளை எண்ணவில்லை.
"என் எஸ் இப்படி வளையாது,"
என்று மட்டும் சொல்லிவிட்டு
கோப்பில் சொருகினார்.
மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில்
இருநூற்று எழுபது டாலர் குறைந்திருந்தது.
அவரிடம் கேட்கவில்லை.
மாமாவிடம் சொல்லவில்லை.

நூற்றுப் பதினெட்டாவது:
மருத்துவமனையில் இரவுத் துணை.
தூங்காத நோயாளியின் பக்கத்தில்
தூங்காமல் உட்காரும் வேலை.
மணிக்கு ஒன்றரை டாலர் குறைவு.
'தொடர்புடைய அனுபவம்' என்ற பெட்டியில்
கர்சர் துடிக்கிறது.
டூ லோர் என்று அடித்து
அழித்தேன்.

வெளியே இழுவை வண்டி பின்வாங்கும் பீப் ஒலி.
கொக்கியில் ஒரு சிவப்பு ஹோண்டா,
பின்சீட்டில் குழந்தை இருக்கை,
அதில் பாதி கடித்த பிஸ்கட்.
நம்பரைக் குறித்துக்கொள்கிறேன்.
இதற்கு ஒருவர் வருவார்,
அரை மணிக்குள்.
கண்ணாடியைத் துடைத்துவைக்க வேண்டும்.