நாலு சொட்டு

செக்கிங் டேபிளில் எனக்குக் கொடுத்திருப்பது
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு சுருள்.
டியூப்லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து
எங்கே கறையோ அங்கே ஓர் அம்பு.
எண்ணெய்க் கறை என்றால் ஸ்பாட் வாஷுக்குப் போகும்.
நூலிலேயே கலந்து வந்த பழுப்பு என்றால்
எந்தச் சோப்பும் எடுக்காது, செகண்ட்ஸில் போடு
என்பார் சூப்பர்வைசர் மயில்சாமி.
அப்போதெல்லாம் உதட்டை இறுக்கிக்கொள்வேன்.

கல்லாங்காட்டு வலசில் எங்களுக்கெல்லாம் ஒரே பல்.
அறுநூறு அடிக்குக் கீழே பாறையை நக்கிவிட்டு
வெதுவெதுவென்று வரும் போர் தண்ணி.
பால்பல் விழுந்து முளைத்தவை
முளைக்கும்போதே கருப்பட்டி நிறத்தில் கோடு போட்டிருந்தன.
வேப்பங்குச்சி, அடுப்புக்கரி, செங்கல் தூள்.
பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காலையில்
எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்து
ரத்தம் வந்ததுதான் மிச்சம்.
“புள்ளைக்குப் பொகையிலைப் பழக்கமுங்களா?”
மெதுவாகக் கேட்டுவிட்டு
பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள்
ஒரு வீட்டார்.

தரணீஷ் பிறந்தது திருப்பூரில், போயம்பாளையத்தில்.
இருபது லிட்டர் கேன், முப்பது ரூபாய்,
மூடியில் சீல்,
உள்ளே ஒன்றுமே இல்லாத தண்ணீர்.
நாலு வயதில் கடைவாயில் மூன்று ஓட்டை.
ராத்திரியெல்லாம் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பல் டாக்டர் நஸ்ரின் முதலில் கேட்டது மிட்டாயைப் பற்றி.
அடுத்தது தண்ணீரைப் பற்றி.
“கேன் தண்ணியில ஃப்ளோரைடு இல்லீங்க.
பல்லுக்கு அது கொஞ்சம் வேணும்.”
சொட்டு மருந்து எழுதினார். படுக்கும்போது நாலு சொட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கை வாய்க்குப் போவதற்குள்
அவர் பார்த்துவிட்டார்.
“உங்களுக்கு எந்த ஊருங்க?”
என் பல்லைப் பார்த்த யாரும்
அதுவரை கேட்காத கேள்வி.
சொன்னேன்.
“லீவுக்குப் பையன் அங்க போவானா?”
“மே மாசம் பூராவுமுங்க.”
சீட்டைத் திருப்பி வாங்கி அடியில் எழுதினார்:
அங்கே இருக்கும்போது ஒரு சொட்டும் வேண்டாம்.
குடிக்க வேறு தண்ணீர் கொண்டுபோகவும்.

மெடிக்கலில் நூற்றி நாற்பது ரூபாய்.
என் தம்பி வீட்டுக் குழாயில் சும்மா கொட்டுகிறது,
அப்பாவின் முதுகை வளைத்த அதே சாமான்.
பாட்டிலை சாமி படத்துக்கும் மேலே வைத்திருக்கிறேன்,
கை எட்டாத இடம் வேறெதுவும் எங்கள் ரூமில் இல்லை.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கண்ணோடு
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவது விழ மாட்டேன் என்று தொங்கும்.
“இன்னொண்ணு ஊத்தும்மா, இனிக்குது.”
“போதும். ஆ காட்டு.”
செல்போன் டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.
அடைத்த மூன்றும் பளபளக்கின்றன.
நிலைக்கப்போகும் பல்லெல்லாம் ஈறுக்குள்ளே
இப்போதுதான் நிட்டிங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.
அது வரைக்கும் என் வெளிச்சம் போகாது.

போனைப் பிடுங்கிக்கொள்கிறான்.
“இப்ப உன்ற முறை. நீ ஆ காட்டு.”

நேரமாச்சு, படு என்றேன்.
கேட்கவில்லை.
பாயில் முட்டி போட்டுக்கொண்டு
டார்ச்சோடு நிற்கிறான்.

காட்டினேன்.
எண்ண ஆரம்பித்தான்.