மூன்றாவது படி

பின்சக்கர அச்சிலிருந்து
சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட் வரைக்கும்
தையல் டேப்பால்தான் அளந்தேன்.
மோட்டார் கடையில் இரும்பு டேப் கிடையாதா என்று
குமுதவல்லி அக்கா சிரித்தார்.
பக்கத்து கார்வாஷ் ஷோஹாக்கிடம் போனது,
வரவில்லை.

ஸ்டாண்டில் நிற்கையில் முப்பத்தொன்று.
ஷோஹாக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள
ஏறி, கால் இரண்டையும் தூக்கிவைத்தார்.
முப்பதரை.
அரை சென்டிமீட்டர்.
கோழி ஏறி உட்கார்ந்தாலும் அவ்வளவு இறங்கும்.

முன்பு குலை லோரி கான்ட்ராக்டருடைய வண்டி.
உர மூட்டை ஏற்றுகிறவர், அப்சோபரை
ஐந்தாவது படிக்கு இறுக்கி
அப்படியே விற்றுவிட்டார்.
மூட்டைகள் இறங்கின, ஸ்பிரிங்குக்குத் தெரியாது.
எஸ்டேட் செம்மண் ரோட்டில் ஒவ்வொரு கல்லும்
அக்காவின் முதுகெலும்பைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

'உங்க எடை எவ்ளோக்கா?'
'தெரியாது. அவரோடது தெரியும்.
போறப்ப எழுபத்தொண்ணு நாலு.
வர்றப்ப அறுபத்தெட்டு ஆறு.'

சாவியைக் கீழே வைத்தேன்.

செவ்வாய், வியாழன், சனி.
விடிவதற்கு முன் பின்னால் கணவரோடு
பாஹாவ் ரத்தச் சுத்திகரிப்பு சென்டருக்குப்
பதினெட்டு கிலோமீட்டர்.
நாலு மணி நேரத்தில் மெஷின் எடுத்துக்கொள்ளும்
இரண்டு கிலோ எண்ணூறை
நோட்டில் எழுதித் தருகிறார்கள்.
மற்ற நாள்களில் அக்கா மட்டும்,
பாலர்பள்ளிச் சமையலுக்கு.

'ரெண்டு மூணு கிலோவுக்கு ஸ்பிரிங் மாத்த வேணாங்க்கா.'
'போறப்ப நிமிந்து உக்காந்திருப்பாரு.
வர்றப்ப என் மேல சாஞ்சிடுவாரு.
தராசு கொறச்சுக் காட்டுது தம்பி,
என் முதுகு கூட்டிக் காட்டுது.'

அதற்கு என்னிடம் அளவு இல்லை.

வளையம் துருவேறிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம்.
கொக்கிச் சாவி வழுக்கி
விரல் முட்டி கிழிந்தபோது
அக்கா பையிலிருந்து பஞ்சு வந்தது, பிளாஸ்திரி வந்தது,
நான் ஆ என்று முடிப்பதற்குள்
ஒட்டியாகிவிட்டது.

தனியாகப் போக இரண்டாவது படி.
ஏறினார், முழுசாக இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது.
இருவருக்கும் நான்காவது என்றுதான்
கணக்கு சொல்லும்.
ஊசி குத்திய கை அதிரக் கூடாதாம்.
மூன்றில் வைக்கச் சொன்னேன்.
பெரிய குழியில் அடி தட்டும்,
அங்கே மெதுவாகப் போங்கள்.
இரண்டு பக்கமும் ஒரே படி இருக்கணும்,
ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்
வண்டி வாலைக் கோணிக்கொள்ளும்.

வாரம் மூன்று முறை மாற்றணுமே என்று
சாவியைக் கையோடு கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் ஆயிற்று.
போன் செய்தேன்.
சென்டர் கார் பார்க்கில், பாலோங்கிலிருந்து வருகிற
ஹாலிம் பாக்சிக்கின் கப்சாயை
அக்காதான் இரண்டு படி இறக்கித் தந்தாராம்.
அவர் வீட்டம்மா சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.
அடுத்த கட்டிலில் படுக்கிற ஆ குவானும்
கேட்டு வைத்திருக்கிறாராம்.
'அவரு எப்படி இருக்காருக்கா?'
'அறுபத்தெட்டு அஞ்சு.'

புதுச் சாவி பதினெட்டு ரிங்கிட்.
பிடியில் கடைப் பெயரைப்
பெயின்ட்டால் எழுதிக் காயவைத்திருக்கிறேன்.
டேப்பும் இன்னும் வரவில்லை.