நீர்த்தேக்கத்துக்குள் என் கடை

ராத்திரி ஒன்றே கால்.
"அக்கா, மேப் காட்டுற இடத்துக்கு வந்துட்டோம்.
முன்னால தண்ணிதான் இருக்கு."
மலைக்குப் போகிற சீசனில் இது நாலாவது அழைப்பு.
வேனை அங்கேயே நிறுத்துங்கள் என்றேன்.
இன்னும் ஒரு முழம் நகர்ந்தால்
பஞ்சர் ஒட்ட நான் நீந்தித்தான் வரவேண்டும்.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் நட்ட நடுவில்
சிவப்பாய் ஒரு குண்டூசி:
மாரிமலர் டயர் வேர்க்ஸ்.
திறந்திருக்கிறது, இருபத்து நாலு மணித்தியாலமும்.

அந்த இடத்தில் முன்பு டவுன் இருந்ததாம்.
வரைபடம் பொய் சொல்லவில்லை மலர்,
கொஞ்சம் பிந்திப் போயிருக்கிறது என்று
பஸ் டிரைவர் குணரத்தினம் சிரித்தார்.
ஒரு ஸ்டார் போட்டவர் சிரிக்கவில்லை:
"இங்கே கடை கிடையாது. மீன் பிடிக்கலாம்."

என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு
"எனக்கு அருகில் பஞ்சர் கடை" என்று தேடிப் பார்த்தேன்.
நோர்வூட் வந்தது. ஹட்டன் வந்தது.
டயர் போட்டோ ஒன்றுக்காக
கொட்டகலை நர்சரிப் பள்ளிக்கூடம் வந்தது,
பிள்ளைகள் ஊஞ்சலாடுகிற டயர்.
நான் வரவில்லை.
கையில் லீவர், காலடியில் கழற்றிய சில்லு,
எனக்கு அருகில் நான் இல்லை.

திருத்தப் போனேன். படிவம் கேட்டது:
வீதியின் பெயர்?
இந்த ரோட்டுக்குப் பெயர் வைக்க யாரும் வந்ததில்லை.
கட்டட இலக்கம்?
கதவில் சுண்ணக்கட்டியால் ஓர் எண் இருக்கிறது,
டெங்குப் புழு தேட வந்தவர்கள் எழுதியது.
"தகரக் கொட்டகை, மூன்றாவது வளைவு,
சவுக்கு மரத்துக்குக் கீழே" என்று போட்டேன்.
செல்லுபடியாகாது என்றது சிவப்பெழுத்து.

எங்கள் கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்குத்தான் போகும்.
ரகசிய எண் வந்த அட்டையும் அங்கேதான் போய்
கிளார்க்கர் மேசையில்
பிஸ்கட் டின்னுக்கு அடியில் பதினெட்டு நாள் படுத்திருந்து
காலாவதியாகி என்னிடம் வந்தது.
ஐந்து இலக்கம்.
விழாத லொத்தர் சீட்டைப் போல
அதைக் கல்லாப்பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வீடியோ அனுப்பலாம் என்றான்
மஸ்கெலியா கொமினிகேஷன் பஸ்லான். முந்நூறு ரூபாய்.
போர்டு தெரியணும், ரோட்டுத் தெரியணும்,
நீங்கதான் முதலாளின்னு தெரியணும்.
போர்டு எழுதியதே அன்று காலையில்தான்,
டயரின் 'ர்' கீழே வழிந்து காய்ந்திருந்தது.
முதலாளி என்பதை எப்படிக் காட்டுவது?
பூட்டைத் திறந்தேன். கொம்ப்ரசரைப் போட்டேன்.
டியூபைத் தொட்டியில் அமுக்கித் திருப்பி
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு
கமராவைப் பார்த்தேன்.
"போதும் அக்கா, மூடுபனி வருது" என்றான்.

நோர்வூட்காரருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஸ்டார் போட்டிருக்கிறார்கள்.
நீங்களும் கேளுங்க என்றான்.
காசைக் கூச்சமில்லாமல் கேட்கிற வாய்
இதற்குத் திறக்கவில்லை.
போகிற ஆளிடம் "அண்ணே" என்பேன்,
அவர் திரும்புவார்,
"வால்வு மூடியைத் தொலைச்சிடாதீங்க" என்பேன்.

கேட்காமலே எழுதினார் ஒரு குருநாகல் மாத்தயா,
சிங்களத்தில்.
போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது:
"பெண்ணின் காற்று நல்லது. மலை ஏறி இறங்கியது. இன்னும் இருக்கிறது."
ஐந்து ஸ்டார்.
கிறீஸ் கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை
குண்டூசி தண்ணீரை விட்டுக் கரையேறியது.
ஏறி, என் கடையைத் தாண்டிப் போய்
முனியாண்டி கோயிலில் நிற்கிறது.
இன்னும் இருநூறு யார்தான் பாக்கி.
பரிசீலனையில் உள்ளது என்கிறது திரை.
வேன்கள் கோயிலில் நின்று, இறங்கி, கும்பிட்டு,
கற்பூரம் கொளுத்தி,
அப்புறம் கொம்ப்ரசர் சத்தம் கேட்டு என்னிடம் வருகின்றன.

பூசாரி மட்டும் சொல்கிறார்,
இருக்கட்டுமே புள்ள, ஏன் திருத்துற?