முன் அனுமதி

ஏழு மணிக்கும் விடியாத ஜனவரி.
வெர்ன் ஹால்வர்சன் பனி தள்ளும் லாரியை
டுலூத்தின் சரிவில் இறக்குகிறான்.
டாஷ்போர்டில் கைபேசி
ஒரே பியானோத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது.
உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.
முக்கியமாகி நாற்பத்தொரு நிமிடம்.

வானொலியில் இருவர்
சுகாதாரச் சீர்திருத்தம் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
பியானோ கேட்கவில்லை என்று
அணைத்துவிட்டான்.

மாரிஸின் மூட்டுகளுக்கு
ஆறு வாரத்துக்கொருமுறை நரம்பில் ஏற வேண்டிய மருந்து.
டாக்டர் எழுதிவிட்டார்.
சாமி வரம் கொடுத்தாயிற்று,
பூசாரி எந்த ஊர் என்றே தெரியவில்லை.
கடிதம் மட்டும் வந்தது:
மருத்துவரீதியாகத் தேவையில்லை.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்.
சத்தமாகப் படித்து முடித்தவள்
மீன் ஊறுகாய்ப் புட்டியை அவனிடம் நீட்டினாள்,
திறந்து தரச் சொல்லி.

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே,
அதற்கு
இதுவரை யாரும் முன் அனுமதி கேட்டதில்லை.

ஒன்பதாம் தெரு ஏற்றத்தில்
பின்னால் சிவப்பு வெளிச்சம்.
ஆம்புலன்ஸ்,
சக்கரம் வழுக்கி நிற்கிறது.
அந்த நேரம் பார்த்துப் பியானோ நின்றது.
"உறுப்பினர் எண் சொல்லுங்கள்."
"ஒரு நிமிஷம்மா."
"சார், லைனில் இருக்கிறீர்களா?"
கலப்பையைத் தாழ்த்துகிறான்.
இரும்பு தாரில் உரசும் ஓசையில்
எட்டு ஒன்பதாகக் கேட்கிறது அவளுக்கு.
மறுபடி சொல்கிறான், ஏற்றம் முழுக்க
எண்களைச் சொல்லியபடியே உழுகிறான்.
உள்ளே படுத்திருப்பது யார்,
எந்தத் திட்டம், எந்த அட்டை?
அது அவன் வேலையில்லை.

"என்ன சத்தம் அது?"
"பனி."
"இங்கே டாம்பாவில் வெயில், சார்" என்றாள்,
உண்மையாகவே வருத்தப்பட்டவள் போல.
பிறகு திரையைப் பார்த்துப் படித்தாள்:
மேல்முறையீடு, டாக்டரின் புதிய கடிதம்,
முப்பது வேலை நாட்கள்.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

ஆம்புலன்ஸ் அவனைத் தாண்டும்போது
ஓட்டுநர் இரண்டு விரலை உயர்த்தினான்.

பணிமனையில் வழக்கமான தாள்.
தெரு: ஒன்பது. நேரம்: ஏழு ஐம்பது.
காரணம் என்ற கட்டத்தில்
இருபத்திரண்டு வருடமாக
ஒரே சொல்தான் எழுதுகிறான்.
இன்றைக்குத்தான் அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தான்.
பனி.
போதும் என்று
வாங்கிக்கொள்கிறார்கள்.