மற்றும் அறுவர்

யாழ் படம் போட்ட ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"யாழ்ப்பாணமா?" என்றார் தபால்காரர்.
ஸ்லைகோ, என்றேன்.
எனக்கும் அப்போதுதான் தெரியும்,
அப்படி ஒரு ஊர் அயர்லாந்தில் இருப்பது.

நோரீன் டியர்னி எழுதியிருந்தாள்:
என் தாத்தாவின் அண்ணன் மார்ட்டின்
உங்கள் பாலத்துக்கு ரிவிட் அடிக்க வந்தவர்.
ஒரு கிறிஸ்துமசுக்குப் பிறகு கடிதம் இல்லை.
எங்கள் நாட்டுப் பழைய ஏடுகள்
பெரும்பாலும் தீயில் போய்விட்டன.
உங்களிடம் மிச்சம் ஏதும் உண்டா?

எங்களிடம் தண்ணீரில் போனது.
போகாமல் நின்றதை
ராமபாணம் தின்கிறது.
கடலுக்குப் பாலம் போட்டவர் பேரைச் சுமந்த பூச்சி
பாலத்தில் வேலை செய்தவர்களை
எழுத்தெழுத்தாய்த் தின்கிறது, பாம்பனில்,
என் மேசைக்குப் பின்னால், மூன்றாம் அலமாரியில்.

கோயில் புதைப்பேட்டில்
மார்த்தீன் தேர்னி, வெள்ளைக்காரர், வயது தெரியாது.
கம்பெனிக் கணக்கில்
எம். டெர்னே, சம்பளப் பாக்கி நாற்பத்தொரு ரூபாய்.
மதுரையில் ஒரு நூலகத்தில்
கயிறு கட்டிய கட்டுக்குள்
உடைந்து உதிரும் வாரப் பத்திரிகையில்
மி. டார்னி.
மூன்று பேரையும் ஒரு ஆளாகச் சேர்க்க
எனக்கு இரண்டு மாதம், நாலு பஸ்,
அரை லீவு ஐந்து.

செய்தி மொத்தம் நாலு வரி:
பாம்பன் கால்வாயில் சாரம் சரிந்து
மி. டார்னியும் மற்றும் அறுவரும் மாண்டனர்.
அதற்குக் கீழே மழை நிலவரம்:
தொண்டியில் ஒன்றரை அங்குலம்,
முதுகுளத்தூரில் தூறல்.

தூறலைக்கூட ஊர் பேர் சொல்லி எழுதியவர்
ஏன் அந்த ஆறு பேரை
என்று நினைத்துக்கொண்டே வந்து
எங்கள் ஏட்டைத் திறந்தேன்.
பக்கம் இருந்தது. பூச்சி தொடவில்லை.
பெயர்: கூலி.
தகப்பன் பெயர்: தெரியாது.
காரணம்: தண்ணீர்.
அதன் கீழே
மேற்படி
மேற்படி
மேற்படி
மேற்படி
மேற்படி.
நல்ல கையெழுத்து. என் நாற்காலியில்
எனக்கு முன்னால் இருந்த யாரோ.
மேற்படி நானும் எழுதியிருக்கிறேன்,
சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது.

நகல் எடுத்து அனுப்பினேன்.
நன்றி எழுதிய நோரீன், கையெழுத்தைப் பார்த்துக் கேட்டாள்:
மெ. ஜெசிந்தா, 'மெ' உங்கள் குடும்பப் பெயரா?
எங்கள் அப்பா, மெல்கியோர், என்று எழுதினேன்.
எங்களுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு எழுத்து.
என் மகளுக்கு வேறு எழுத்து.
உங்கள் டியர்னி ஐந்து தலைமுறை நடந்து
என் மேசைக்கு வந்துவிட்டது.
மெல்கியோர் என்னோடு இறங்கிவிடுவார்.
பிறகு, கூச்சத்தை விட்டு, ஒன்று கேட்டேன்:
மார்ட்டின் எழுதிய கடிதங்களில்
எங்கள் ஆட்கள் யாராவது?

ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொண்ட ஒரு நாள்
பதில் வந்தது. ஒரு பக்கத்தின் நகல்.
சாய்ந்த எழுத்து. என் இங்கிலீஷுக்கு
ஒரு சாயங்காலம் பிடித்தது:
சௌரீ எனக்கு நீந்தக் கற்றுத்தருகிறான்.
நான் கல் மாதிரி மூழ்குகிறேன்.
கரையிலிருந்து மூட்டாவும் கார்சீயும் சிரிக்கிறார்கள்.

சௌரீ, சவரிமுத்து.
மூட்டா, முத்தையாவா, மொட்டையனா?
கார்சீ, காசியா, காசிமா?
நாங்கள் அவரைத் தேர்னி ஆக்கினோம்,
அவர் எங்களை இப்படி.
கணக்கு நேர்.

அந்த ஆறில் இவர்கள் உண்டா,
நோரீனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஏட்டில் பென்சில் வைக்கக்கூட எனக்கு அதிகாரமில்லை.
திருத்த வேண்டுமானால் விண்ணப்பம் வேண்டும்,
தகப்பன் பெயர் கட்டாயம்,
நூறு வருஷத்துக்குத் தாமதக் கட்டணம்
எவ்வளவு என்று மேலே கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது,
பாலத்தின் மேல், இரண்டு பக்கமும் தண்ணீர்,
ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே வந்தது.
சவரிக்கு நீந்தத் தெரியும்.
சாரம் சரிந்தால் கரையேறியிருப்பான்.
ஏறியிருந்தால் ஏட்டில் இல்லை, தப்பித்தான், சரி.

ஏறியவன்
கீழே பார்த்திருப்பானோ?