நாற்பத்தொன்பதாவது நகர்த்தல்

காற்று நாற்பத்திரண்டு நாட் என்றான்
டவரிலிருந்து பிஜோய்.
கிரேன்களைப் பூட்டச் சொன்னான்.
ஷுவைக் துறைமுகம் பழுப்பாகிக் காணாமல் போனது,
முதலில் கப்பல்கள், பிறகு மசூதியின் பச்சை விளக்கு,
கடைசியாக எனக்கு நேர்கீழே நின்ற பெட்டிகள்.
இந்தக் காற்றில் ஏணி இறங்கக்கூடாது.
இருபத்திரண்டு மீட்டர் உயரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு,
அரைப் பாட்டில் தண்ணீர், இரண்டு குப்பூஸ்,
போனில் எழுபத்தொரு சதவீதம்.

செஸ்ஸைத் திறந்தேன். பெயர் கேட்டது.
தரவில்லை.
'விருந்தாளி' என்று அதுவே எழுதிக்கொண்டது.
சிவில் ஐடியில் இருப்பதைவிட
மரியாதையான சொல்.

எட்டாம் நிலை.
நாலு மாதமாக என்னைத்
தோசைபோலத் திருப்பிப்போட்ட நிலை.

பகலெல்லாம் ஒரு கம்ப்யூட்டர்தான் எனக்கு மேஸ்திரி.
திரையில் எண் வரும்,
பத்தி ஏழு, வரிசை மூன்று, அடுக்கு நாலு.
தூக்குவேன். வைப்பேன்.
ஏன் என்று கேட்க அதில் பொத்தான் கிடையாது.
பதினோரு வருடம் பெட்டி அடுக்கியவனுக்கு
ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்:
எப்படி அடுக்கினால்
எதையுமே வெளியே எடுக்க முடியாது என்பது.

அதைத்தான் செய்தேன்.
சிப்பாய்க்கு எதிரே சிப்பாய், மூக்கோடு மூக்கு.
முப்பத்தொன்றாவது நகர்த்தலில்
வியாழன் மாலை ஃபஹாஹீல் சாலையாகப்
பலகை அடைத்துக்கொண்டது.
பிஷப்புக்கு யானையைக் கொடுத்திருந்தேன்,
அதனால் தானே முன்னால் இருப்பதாக அதன் கணக்கு.
நொடிக்கு லட்சம் வழி யோசித்தது.
யோசித்து,
யானையை ஒரு கட்டம் வலப்பக்கம் வைத்தது.
நான் ராஜாவை ஒரு கட்டம்.
அது யானையை இடப்பக்கம்.
நான் ராஜாவை, பழைய இடத்துக்கே.

சிப்பாய் நகராமல், யாரும் யாரையும் வெட்டாமல்
ஐம்பது நகர்த்தல் போனால் ஆட்டம் சமன்.
அந்த விதி அதற்கும் தெரியும்.
முன்னால் இருப்பவனுக்குச் சமன் பிடிக்காது.

எனக்கென்ன.
பிடித்துவைத்த ஓவர்டைமுக்கு ஏழு மாதம் நின்றவன் நான்.
ஒரு குப்பூஸைத் தின்றேன்.
பக்கத்து கிரேனிலிருந்து ரோமெல் ரேடியோவில்
மூத்திரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டான்.
பாட்டிலைக் காலி செய் என்றேன்.
சொன்ன பிறகு எனக்கும் வந்தது.
நாற்பத்தேழு.
மணல் கண்ணாடியை அரிசி களைவதுபோல் களைந்தது.
நாற்பத்தெட்டு.

நாற்பத்தொன்பதில் பொறுக்கவில்லை அதற்கு.
ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நீட்டியது.

குதிரை நுழையும் அளவு சந்து.
நுழைந்தது.
பதினாறு நகர்த்தல் கழித்து
அதன் ராஜா மூலையில் நின்றது,
சொந்த யானைக்கும் சொந்தச் சிப்பாய்களுக்கும் நடுவே
திரும்பக்கூட இடமில்லாமல்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
இருபதாவது நகர்த்தலில் ராணி தவறான கட்டத்தில் விழுந்தது,
ஒரே ஒரு முறை திரும்ப எடுத்தேன்.
விரல் வழுக்கிவிட்டது.
பெரும்பாலும் விரல்தான்.

'விருந்தாளி வென்றார்.'
கை கொடுக்கவில்லை, பலகையைத் தட்டிவிடவில்லை,
மறு ஆட்டமா என்றது, அதே குரலில்லாக் குரலில்.
பதினேழு சதவீதம் மிச்சம்.

ரேடியோவை அழுத்தினேன்.
ரோமெல், கம்ப்யூட்டரை ஜெயிச்சுட்டேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
எது, யார்டு கம்ப்யூட்டரா? என்றான்,
அவன் குரலில் அத்தனை சந்தோஷத்தை
நான் கேட்டதே இல்லை,
அப்ப இன்னைக்கு வேலை இல்லையா?

இல்லை, இது வேற என்றேன்.
ஓ, என்றான்.

அஸருக்குப் பிறகு காற்று பத்தொன்பதாக இறங்கியது.
கப்பல்கள் விட்ட இடத்திலேயே நின்றன.
திரை விழித்தது.
பத்தி இரண்டு, வரிசை ஐந்து, அடுக்கு ஒன்று.
தூக்கினேன்.
வைப்பதற்கு முன்
பெட்டியைக் கொஞ்சம் அந்தரத்தில் நிறுத்தினேன்.
சும்மா.