கடல் நிலை

கடலுக்கென்று செய்த கருவி.
சேலத்தில் கடல் கிடையாது. அதனால்
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி
ஏற்காட்டு ஏரியில் இறக்கிப் பார்க்கிறோம்.

பெடல் படகு, எண் பதினேழு, வாத்துத் தலை.
நீருக்கடியில் ஒலிப்பது நாலு மீட்டர் ஆழத்தில்;
கேட்பது படகுத்துறைத் தூண் பக்கம், கயிற்றில்.
சூசைராஜ் மிதிக்கிறார்.
மழைக்கோட்டுக்குள் நானும் லேப்டாப்பும்.

ஐந்து நாற்பது. காற்று எழவில்லை.
ஒரு டிக் அனுப்பினேன்,
இரண்டு வந்தன.
நேராக வந்தது ஒன்று.
மேலே போய், நீர் முடிகிற இடத்தில் முட்டி
கொஞ்சம் பிந்தி வந்தது மற்றது.
முதலாவதில் மேடு இருந்த இடத்தில்
இதில் பள்ளம்.

சுவராயிருந்தால் மேட்டை மேடாகவே திருப்பியிருக்கும்.
மேலே இருப்பதோ வெறும் காற்று.
அமுக்க வந்தது, தாங்க ஆளில்லாமல்
இழுப்பாகக் கவிழ்ந்து திரும்புகிறது,
மாடியேறியவன் இருட்டில்
இல்லாத இன்னொரு படிக்குக்
கால் தூக்கி வைத்தது போல.

ஆறேகாலுக்கு சேர்வராயன் உச்சியிலிருந்து காற்று.
ஏரி முழுக்க ரவை கொட்டினாற்போல் ஆயிற்று.
திரையில் இரண்டாவது கோடு நார்நாராகப் பிரிந்தது.
ஒவ்வொரு சிற்றலையும் தன் துண்டைத்
தனக்குத் தோன்றிய பக்கம் எறிகிறது:
தூணுக்குக் கொஞ்சம், மான் பூங்காவுக்குக் கொஞ்சம்,
பெரும்பகுதி சேற்றுக்கு.
சுருதி இறக்கி அனுப்பினேன்.
ஆளுயர அலைநீளம் அது,
ரவையைக் கவனிக்கவேயில்லை,
முழுசாகத் திரும்பிற்று.
விரல் நீளக் கீச்சுக்குத்தான்
இந்த ஏரி மேடுபள்ளம்.

"நாம பேசறது மீனுக்குக் கேக்குங்களா?"
ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போகும், என்றேன்.
மிச்சம் மேலேயே துள்ளிப் போய்விடும்.
மிதிப்பதை நிறுத்தினார் சூசைராஜ்.
பதினோரு வருஷமாகத் தூண்டில்காரர்களுக்காக
புதுமணத் தம்பதிகளை எல்லாம்
மெதுவா மெதுவா என்று அடக்கி வந்தவர்.
அந்தக் காலையில் முதல்முறையாக
நன்றாக, வயிறு குலுங்க இருமினார்.

பிறகு கயிற்றைச் சாண் சாணாக இழுத்தேன்.
கேட்கும் செவி மேலே வர வர
சத்தம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.
மெலிந்தது.
ஏரியின் தோலுக்கு ஒரு சாண் கீழே
நேர் ஒலியும் கவிழ்ந்த ஒலியும் ஒரே நேரத்தில் வந்து
ஒன்றையொன்று தின்றுவிட்டன.
இரண்டும் அங்கேதான் இருந்தன.
கூட்டினால் பூஜ்யம்.
கருவியில் பழுதில்லை என்று குறித்தேன்.

படிவத்தில் இன்னொரு கட்டம் பாக்கி: கடல் நிலை.
ரவை என்று எழுதி,
அடித்து,
ஒன்று என்று எழுதினேன்.